விதையைக் கேட்காமல் மண்ணைத் தண்டிக்கிறோம்

மேட்டூரைச் சுற்றி மேச்சேரி, நங்கவள்ளி, கொளத்தூர் பக்கம் தக்காளி வைத்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சேதம் இது. காய் எலுமிச்சை அளவுக்குத் திரளும்போது அடிப்பக்கத்தில், பூ உதிர்ந்த இடத்தில், நீர்கோத்தாற்போல ஒரு புள்ளி விழும். சில நாளில் அது பழுப்பாகும்; பிறகு கருத்து, தோல்போல இறுகி, உள்வாங்கும். காம்புப் பக்கம் பளபளவென்று இருக்கும், அடிப்பக்கம் குப்பைக்குப் போகும். பூச்சி கடித்த தடம் இருக்காது. பூஞ்சை வந்தாலும் அழுகிய பிறகுதான் வந்து குடியேறும். கிருமி எதுவும் தொடங்கி வைக்காத இந்தக் கோளாறுக்கு நுனி அழுகல் என்று பெயர்.

அந்தக் காயை எடுத்துக்கொண்டு உரக்கடைக்குப் போனால் ஒரே பதில்தான்: "கால்சியம் பத்தலீங்கண்ணா. கால்சியம் நைட்ரேட் விடுங்க, கூடவே இதை அடிச்சு விடுங்க." கடைக்காரர் மட்டுமல்ல, துண்டறிக்கைகளும் கைப்பேசியில் சுற்றும் காணொளிகளும் இதையே சொல்கின்றன. மண்ணில் சுண்ணாம்புச் சத்து குறைந்துவிட்டது, அதைப் போட்டால் அழுகல் நிற்கும் என்பது இன்று மறுகேள்வி இல்லாத வேதவாக்காகிவிட்டது.

இந்தக் கருத்து தவறு என்கிறேன். நம் சமவெளியைப் பொறுத்தவரை பெருந்தவறு. எந்தச் செடியின் காய் அழுகும், எந்தச் செடியின் காய் தாங்கும் என்பதைப் பெரும்பங்கு முடிவு செய்வது விதைக்குள் இருக்கும் மரபணு. வெயிலும் ஒழுங்கற்ற பாசனமும் அந்தப் பலவீனத்தை வெளியே கொண்டுவருகின்றன. இதைச் சொல்லாமல் மூட்டை மூட்டையாகக் கால்சியம் விற்பது, விதை தேர்ந்தெடுக்கும் நேரத்தில் உழவர் கேட்க வேண்டிய கேள்வியை மறைத்துவிடுகிறது.

கால்சியம் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலில் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அது வெறும் கட்டுக்கதை அல்ல. 1940களில் அமெரிக்காவில் தக்காளியை மணலிலும் சத்துக் கரைசலிலும் வளர்த்து ஆராய்ந்தார்கள். கரைசலில் கால்சியத்தைக் குறைத்தபோது காயின் நுனி அழுகியது, கூட்டியபோது குறைந்தது. அழுகிய நுனியைப் பகுத்துப் பார்த்தபோதும் அங்கே கால்சியம் குறைவாக இருந்தது. இரண்டும் உண்மை. ஆனால் அந்த மணலில் கால்சியமே கிடையாது. ஆராய்ச்சியாளர் ஊற்றியதுதான் செடிக்குக் கிடைத்தது. அந்த முடிவை அப்படியே தூக்கிவந்து சேலத்து மண்ணின் மேல் வைத்ததில்தான் பிழை தொடங்குகிறது.

நம் மண் எப்படிப்பட்டது? சங்ககிரியில் சுண்ணாம்புக்கல் வெட்டியெடுத்துச் சிமெண்ட் செய்கிறார்கள். இந்தச் சமவெளியின் பல இடங்களில் கிணறு தோண்டினால் சுக்கான்கல் வெள்ளை வெள்ளையாக வரும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சும் பாத்திரத்தில் வெள்ளைப் பாளம் கட்டும். சொட்டுநீர்க் குழாயின் துளைகள் அதே வெள்ளைப் படிவால் அடைபடுகின்றன என்று அமிலம் விட்டுக் கழுவுகிறோம். இந்த வாரம் கால்சியம் அடைக்கிறது என்று அமிலத்துக்குச் செலவு. அடுத்த வாரம் கால்சியம் போதவில்லை என்று அதே குழாயில் கால்சியம் நைட்ரேட். ஒரே தோட்டத்தில், ஒரே குழாயில் இந்த இரண்டு செலவும் நடக்கின்றன. இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க வழியில்லை.

கணக்குப் போட்டும் பார்க்கலாம். ஒரு ஏக்கரில் மேல் 15 செ.மீ. மண் ஏறக்குறைய 900 டன் எடை. அதில் நூற்றுக்கு ஒரு பங்கு மட்டுமே சுண்ணாம்பு என்று வைத்துக்கொண்டால் 9 டன். அதில் கால்சியம் மட்டும் 3.6 டன். தக்காளிப் பழத்தில் 100 கிராமுக்குச் சுமார் 10 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. ஏக்கருக்கு 30 டன் பழம் எடுத்தாலும் பழங்களோடு வெளியேறுவது 3 கிலோ. இலையும் தண்டும் அதைவிடப் பல மடங்கு எடுக்கும். அதையும் சேர்த்தால் சில பத்து கிலோ. மண்ணில் உள்ள அத்தனையும் வேருக்கு உடனே கிடைக்காது என்பது சரிதான். தண்ணீரைக் கணக்கில் எடுங்கள். லிட்டருக்கு 100 மில்லிகிராம் கால்சியம் உள்ள கடினநீரை ஒரு பருவத்தில் ஏக்கருக்கு 16 லட்சம் லிட்டர் பாய்ச்சினால், கரைந்த நிலையிலேயே 160 கிலோ கால்சியம் வயலுக்கு வந்து சேர்கிறது. 25 கிலோ கால்சியம் நைட்ரேட் மூட்டையில் இருப்பதோ ஐந்து கிலோவுக்கும் குறைவு. முப்பது மூட்டைக்கு மேற்பட்ட கால்சியத்தைக் கிணறே கொடுத்துக்கொண்டிருக்கும்போது, முப்பத்தோராவது மூட்டை எந்தக் குறையைத் தீர்க்கும்?

மழை அதிகம் பெய்து சுண்ணாம்பு கரைந்துபோன புளிப்பு மண்ணில் நிலைமை வேறு. அங்கே சுண்ணாம்பு இடுவது அறிவான வேலை. சேலத்தை ஒட்டிய மாக்னசைட் கரடுகளின் அருகே மக்னீசியம் மிகுந்து கால்சியத்தோடு போட்டி போடும் நிலங்களும் உண்டு. மண் ஆய்வு செய்து, குறை இருக்கிறது என்று தெரிந்தால் போடுங்கள். ஆய்வே இல்லாமல், காயின் நுனியைப் பார்த்து மண்ணின் குறையைச் சொல்லும் பழக்கத்தைத்தான் மறுக்கிறேன்.

அப்படியானால் நுனியில் மட்டும் கால்சியம் ஏன் குறைகிறது? செடிக்குள் இரண்டு பாதைகள் உண்டு. வேரிலிருந்து நீரை மேலே ஏற்றுவது சைலம். இலை சமைத்த சர்க்கரையைக் காய்க்கும் வேருக்கும் கொண்டுபோவது ஃபுளோயம். கால்சியம் சைலத்தில்தான் பயணம் செய்யும். ஃபுளோயத்தில் அநேகமாகப் போகாது. நீர் எங்கே அதிகம் ஆவியாகிறதோ அங்கேதான் சைலத்தின் ஓட்டம். இலையில் ஆயிரக்கணக்கான துளைகள் வழியே நீர் வெளியேறுகிறது. தக்காளிக் காயின் மெழுகுத் தோலில் துளையே இல்லை. ஆகவே வெயில் ஏறும்போது கால்சியத்தின் பெரும்பங்கு இலைக்குப் போய்விடுகிறது. காய்க்குள் வரும் கொஞ்சமும் காம்புப் பக்கத்தோடு நின்றுவிடுகிறது. நுனியை நோக்கிப் போகப்போக வேலை செய்யும் சைலக் குழாய்கள் குறைந்துகொண்டே போகின்றன. மகரந்தச் சேர்க்கை முடிந்த இரண்டு வாரத்துக்குள் காய் ஒரேயடியாகப் பருக்கும். நுனியின் செல்கள் தாக்குப்பிடிக்க முடியாமல் சவ்வு கிழிந்து சாகும் காலம் அதுதான்.

இலைமேல் தெளிக்கும் கால்சியம் ஏன் பெரிதாக உதவுவதில்லை என்பதும் இதிலேயே விளங்கும். இலைக்குள் நுழைந்த கால்சியம் அங்கிருந்து இறங்கிக் காய்க்கு வராது. இளம்பிஞ்சின் தோல்மேல் நேராகப் பட்டது மட்டுமே ஓரளவு உள்ளே போகும். பிஞ்சுகளோ இலை மறைவில் இருக்கின்றன. கால்சியம் நைட்ரேட்டில் நூற்றுக்குப் பதினைந்தரைப் பங்கு தழைச்சத்தும் இருக்கிறது. அம்மோனிய உரங்களைவிட இது தீங்கு குறைந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏற்கெனவே உரம் மிகுந்த தோட்டத்தில் மேலும் தழைச்சத்து என்றால் மேலும் இலை. மேலும் இலை என்றால் காய்க்கு வரவேண்டிய நீரை இழுக்க மேலும் ஆள்.

உலகின் ஆய்வுக்கூடங்கள் இந்த எளிய கதையைக் கைவிட்டு ஆண்டுகள் ஆகின்றன. 2005இல் இங்கிலாந்தில் ஹோ, வைட் என்ற இருவர், பிரச்சினை மண்ணிலோ முழுச் செடியிலோ இல்லை, காயின் செல்லுக்குள் கால்சியம் எந்த அறையில் எவ்வளவு இருக்கிறது என்பதில் இருக்கிறது என்று எழுதினார்கள். ஜெர்மனியின் மாக்ஸ் சௌரே 2001இலும் 2014இலும் இன்னும் ஒரு படி மேலே போனார்: கால்சியக் குறைவு அழுகலுக்குக் காரணமே அல்ல, செல்கள் சிதைந்ததன் விளைவு என்று வாதிட்டார். இந்த இரு தரப்புக்கும் இடையே வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் சுண்ணாம்பு நிறைந்த மண்ணில் மேலும் சுண்ணாம்பு இட்டால் தீரும் என்று இரண்டு தரப்பும் சொல்லவில்லை.

கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் 2011இல் வெளிவந்த ஆய்வு இந்த வாதத்தில் எனக்கு மிக முக்கியமானது. அரபிடாப்சிஸ் என்ற சிறு செடியிலிருந்து, கால்சியத்தைச் செல்லின் வாக்குவோல் அறைக்குள் தள்ளும் ஒரு மரபணுவைத் தக்காளிக்குள் வைத்தார்கள். அந்தத் தக்காளியின் காயில் மொத்தக் கால்சியம் கூடியது. உரக்கடை வாதப்படி அழுகல் குறைந்திருக்க வேண்டும். மாறாக அழுகல் மிகுந்தது. கால்சியம் வாக்குவோலுக்குள் அடைபட்டதால், செல்சவ்வைக் கட்டிக்காக்க வெளியே இருக்க வேண்டிய பங்கு குறைந்துவிட்டது. 2012இல் அதே குழுவினர் வேறொரு மரபணுவின் வேலையை அடக்கினார்கள். செல்சுவரின் பெக்டினைக் கால்சியம் பிடித்துவைக்கும்படி மாற்றும் நொதியை உண்டாக்குவது அந்த மரபணு. அது அடங்கியபோது அழுகல் குறைந்தது. மண்ணையோ உரத்தையோ மாற்றவில்லை. ஒரு மரபணு மாறியதும் அழுகல் கூடியது. இன்னொன்று அடங்கியதும் குறைந்தது.

இவை ஆய்வுக்கூடத்தில் செய்த மாற்றங்கள், நம் தோட்டத்து ரகங்களுக்கு இது பொருந்துமா என்று கேட்கலாம். இயல்பாகவே ரகத்துக்கு ரகம் உள்ள வேறுபாட்டைப் பாருங்கள். செர்ரித் தக்காளியில் நுனி அழுகல் அரிது. நீள்வடிவத் தக்காளி மிக எளிதில் ஆளாகும். இத்தாலியின் சான் மார்சானோ இதற்குப் பேர்போனது. அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் அழுகலைத் தாங்கும் செடியையும் தாங்காத செடியையும் கலந்து, வழித்தோன்றல்களின் மரபணுத் தொகுதியை ஆராய்ந்து 2021இல் முடிவை வெளியிட்டார்கள். 3ஆம் குரோமோசோமில் இரண்டு இடங்கள், 4ஆம் குரோமோசோமில் ஒன்று, 11ஆம் குரோமோசோமில் ஒன்று என அழுகலோடு தொடர்புள்ள நான்கு இடங்கள் தெரியவந்தன. அவற்றுள் இரண்டு, காயின் எடையைக் கூட்டும் மரபணுக்கள் இருக்கும் இடத்திலேயே அமைந்திருந்தன.

இதன் பொருளை நிதானமாக யோசிக்க வேண்டும். காட்டுத் தக்காளி சுண்டைக்காய் போன்றது. மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகப் பெரிய காயின் விதையைத் தேர்ந்து தேர்ந்து இன்றைய அளவுக்குக் கொண்டுவந்தார்கள். எடையைக் கூட்டிய மரபணுக்கள் வந்த வழியிலேயே அழுகும் பலவீனமும் வந்திருக்கலாம் என்பதை அந்த வரைபடம் காட்டுகிறது. வடிவமும் அப்படித்தான். 7ஆம் குரோமோசோமில் உள்ள சன் மரபணுவும் 2ஆம் குரோமோசோமில் உள்ள ஓவேட் மரபணுவும் காயை நீட்டுகின்றன. காய் நீள நீளக் காம்பிலிருந்து நுனிக்குத் தூரம் கூடுகிறது. கால்சியம் வந்துசேரும் வாய்ப்பு குறைகிறது.

நம் சந்தையில் என்ன நடந்தது? ஒருகாலத்தில் இங்கே நாட்டுத் தக்காளி என்று விற்றது தட்டையான, புளிப்பான, தோல் மெல்லிய காய். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி அண்ணஞ்சி என்ற உள்ளூர் ரகத்திலிருந்து திடீர்மாற்றம் மூலம் உருவாக்கிய பி.கே.எம் 1 அந்த வடிவத்தைச் சேர்ந்தது. கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பையூர் ஆராய்ச்சி நிலையம் பையூர் 1 ரகத்தைத் தந்தது. பிறகு வெகுதூரச் சந்தைகளுக்கு லாரி ஏற வேண்டும், பெட்டியில் நசுங்கக் கூடாது, நாள்கணக்கில் கெடாமல் இருக்க வேண்டும் என்று வியாபாரம் கேட்டது. முட்டை வடிவத்தில், கெட்டித் தோலோடு, ஒரே நேரத்தில் நிறையக் காய்க்கும் பெங்களூர்த் தக்காளி வகைகள் வயலைப் பிடித்தன. அவை நல்ல விலை தந்தன, அதை மறுக்கவில்லை. ஆனால் நீண்ட வடிவத்தையும் ஒரே நேரத்துக் காய்ச் சுமையையும் வாங்கியபோது அவற்றோடு வரும் ஆபத்தையும் சேர்த்து வாங்கினோம். அதை விதைப் பொட்டலம் சொல்லவில்லை. சேதம் வந்ததும் பழி மண்மேல் விழுந்தது.

நாட்டு ரகமே தீர்வு, வீரிய ஒட்டுரகம் எல்லாம் கேடு என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நாட்டு ரகம் என்பதாலேயே எதுவும் அழுகாமல் இருந்துவிடாது. ஒட்டுரகங்களிலும் நன்றாகத் தாங்குபவை உண்டு. தீர்வு தரும் மரபணு எங்கோ ஒரு காட்டு இனத்தில்கூட இருக்கலாம். இஸ்ரேலில் 1990களில் தக்காளியின் காட்டு உறவான பென்னெல்லி இனத்தின் குரோமோசோம் துண்டுகளை ஒவ்வொன்றாகச் சாகுபடித் தக்காளிக்குள் கொண்டுவந்து ஒரு செடித்தொகுதி உருவாக்கினார்கள். அதில் 8ஆம் குரோமோசோமின் ஒரு துண்டைப் பெற்ற செடி நுனி அழுகலை நன்கு தாங்குகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012இல் காட்டினார்கள். காட்டு இனத்து மரபணுவை எடுத்துப் பயன்படுத்துவது நமக்குப் புதிதும் அல்ல. இலைச்சுருட்டை வைரஸைத் தாங்கும் ஒரு மரபணுவைக் காட்டுத் தக்காளியிலிருந்து எச் 24 என்ற செடிக்குக் கொண்டுவந்தவர்கள் கல்லூ, பானர்ஜி என்ற இந்திய அறிஞர்கள்தான். பெங்களூர் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் மூன்று நோய்களைத் தாங்கும் ரகம். தக்காளியின் முழு மரபணுத் தொகுதி 2012இல் வெளியானபோது 5ஆம் குரோமோசோமைப் படித்துக் கொடுத்தது இந்தியா. அறிவும் ஆளும் இங்கே இருக்கிறது. நுனி அழுகலை விதைப் பிரச்சினையாகப் பார்க்கும் மனம்தான் இல்லை.

மறுப்பாளர்கள் சொல்லக்கூடியதை நானே சொல்கிறேன். "கால்சியம் தெளித்தேன், அடுத்த காய்கள் நன்றாக வந்தன" என்பார்கள். அழுகல் பெரும்பாலும் முதல் கொத்திலும் இரண்டாம் கொத்திலும்தான் விழும். வேர் பரவி, செடி நிலைபெற்ற பின் வரும் கொத்துகளில் அது தானாகவே குறையும். தெளித்தவர் தோட்டத்திலும் குறையும், தெளிக்காதவர் தோட்டத்திலும் குறையும். தெளிக்காமல் நான்கு வரிசையை விட்டுவைத்து ஒப்பிடாதவரை அந்தப் பெருமை மருந்துக்கா நாளுக்கா என்று யாராலும் சொல்ல முடியாது.

"அதே விதை பக்கத்துத் தோட்டத்தில் அழுகவில்லையே, பிறகு எப்படி மரபணுவைச் சொல்வது?" என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி. மரபணு தருவது தாங்கும் எல்லையை மட்டுமே. பக்கத்துத் தோட்டத்தில் நாள்தோறும் அளவாக நீர் விட்டிருப்பார்கள். இங்கே நான்கு நாள் காயவிட்டுப் பிறகு வெள்ளமாகப் பாய்ச்சியிருப்போம். கிணற்று நீரில் உப்பு கூடியிருக்கலாம். சித்திரை வெயிலில் இலை இழுக்கும் நீரின் அளவு வேறு. எல்லை குறுகிய ரகம் சின்னச் சறுக்கலிலும் விழும். எல்லை அகன்ற ரகம் அதே சறுக்கலைத் தாங்கும். மின்சாரம் வரும் நேரத்துக்குக் காத்திருந்து நீர் பாய்ச்சும் சிறு உழவருக்கு ஒழுங்கான பாசனம் எப்போதும் கைக்குள் இல்லை. அவருக்குத்தான் எல்லை அகன்ற விதை அதிகம் தேவை.

"மரபணு என்றால் உழவர் என்ன செய்ய முடியும்? கால்சியமாவது கையில் இருக்கிறது" என்றும் சொல்வார்கள். இந்தச் சேலம், நாமக்கல் உழவர்களிடம் இதைச் சொல்லக் கூடாது. மரவள்ளி நடும்போது முள்ளுவாடியா, எச் 226ஆ, வெள்ளைத் தாய்லாந்தா என்று கேட்காமல் இங்கே யாரும் கரணை வாங்குவதில்லை. எந்த ரகம் எந்த நிலத்தில் எப்படி நிற்கும் என்பது வீட்டுக்கு வீடு தெரியும். ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்குமான ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, ஒய்.டி.பி 1 போன்ற ரகம் அங்கேயே பிறந்தது. ரகத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் மரபணுவைத் தேர்ந்தெடுப்பது. மரவள்ளியில் காட்டும் அந்தக் கறார்த்தனத்தைத் தக்காளியிலும் காட்டினால் போதும்.

அடுத்த நடவில் செய்து பார்க்க வழி எளிது. மூன்று நான்கு ரகங்களின் குழித்தட்டு நாற்றுகளை ரகத்துக்கு முப்பது வீதம் வாங்கி, ஒரே தோட்டத்தில், ஒரே பாசனத்தில், இரண்டு மூன்று இடங்களில் பிரித்து நடுங்கள். உரம் எல்லாவற்றுக்கும் ஒன்றே. முதல் இரண்டு கொத்துகளின் காய்களை மட்டும் எண்ணி, நூற்றுக்கு எத்தனை அழுகின என்று ரகவாரியாகக் குறித்து வையுங்கள். கோடையில் ஒருமுறை, ஆடிப்பட்டத்தில் ஒருமுறை. பத்து உழவர்கள் இப்படிக் குறித்துச் சேர்த்தால், நம் வெயிலுக்கும் நம் நீருக்கும் உரிய பட்டியல் கையில் இருக்கும்.

உழவர் மட்டும் செய்து தீரும் வேலை அல்ல இது. சந்தியூரிலும் நாமக்கல்லிலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் இருக்கின்றன. விற்பனையில் உள்ள முன்னணி ரகங்களைக் கோடையில் அருகருகே நட்டு, நுனி அழுகல் விழுக்காட்டை ஆண்டுதோறும் தமிழில் வெளியிட அவற்றால் முடியும். விதைப் பொட்டலத்தின் மேல் முளைப்புத்திறனை அச்சிடச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. முளைத்த செடி வெயிலில் தன் காயைக் காப்பாற்றுமா என்பதையும் அச்சிடும்படி கேட்பது பேராசை ஆகாது. தக்காளி இனவிருத்தி செய்வோர் விளைச்சல், கெட்டித்தன்மை, நோய்த் தாங்கலோடு இதையும் ஒரு மதிப்பெண்ணாகச் சேர்க்க வேண்டும்.

கால்சியம் விற்பவர் எல்லோரும் ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்லவில்லை. தாங்கள் கேட்டதை நம்பித்தான் பலரும் சொல்கிறார்கள். ஆனால் அந்த நம்பிக்கைக்கு விலை கொடுப்பவர் உழவர். காயும் போகிறது, மருந்துக்காசும் போகிறது, அடுத்த ஆண்டும் அதே விதை வருகிறது. இந்தச் சுற்றை உடைக்கும் இடம் நாற்றுப் பண்ணையின் வாசல். "இந்த ரகம் சித்திரை வெயிலில் நூற்றுக்கு எத்தனை காய் நுனி அழுகும்?" என்று அங்கே கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் ஏக்கர் முழுவதற்கும் நாற்று வாங்காதீர்கள்.